மதம் போன இடத்தில் எதை வைப்பது?

"மதத்தை விட்டாய்விட்டது. நெற்றிக்குறி போயிற்று, விரதம் போயிற்று, ஜபமும் தொழுகையும் நின்றன. இனி மனதில் எதை வைத்துக்கொண்டு வாழுவது?" என்கின்ற கேள்வியை வெளிப்படையாய்க் கேட்கின்றவர்கள் சிலர், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகின்றவர்கள் பலர். நமது மேடைகளில் இதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில் என்னவென்றால், "குப்பையைக் கூட்டி வெளியில் கொட்டியவன், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்பானா?" என்பதாகும். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய், ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் ராத்திரி 2 மணிக்குத் தனியாய் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கைதட்டல் காதில் விழாது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையே ஒழிய, அவனைக் கேலி செய்வது நமது கடமையல்ல.

சங்கதி என்னவெனில், மதம் இருந்த அறையில் வெறும் குப்பை மாத்திரம் இருக்கவில்லை. ஒரு பெரிய பண்ணையில் 40 வருஷமாய் ஒரே காரியஸ்தன் இருந்து வந்தான் என்று வைத்துக்கொள்ளுவோம். குத்தகை வசூல் செய்வது அவன், வைத்தியனைக் கூட்டிவருவது அவன், பிள்ளைகளை அதட்டுவது அவன், விருந்துக்கு நாள் பார்ப்பதும் அவன், சாவு வீட்டில் முன்னே நிற்பதும் அவன். அவன் எழுதிய கணக்கு முழுவதும் பொய் என்று கண்டுபிடித்துப் பண்ணைக்காரர் ஒரு நாள் அவனைத் துரத்திவிட்டார். துரத்தியது முழுக்க முழுக்க நியாயம். ஆனால் மறுநாள் காலையில் மாட்டுக்குத் தீனி வைக்க ஆளில்லை. கொட்டகைச் சாவி எங்கே என்று தெரியவில்லை. இப்போது அவருக்கு வழி இரண்டுதான். உட்கார்ந்து ஒவ்வொரு வேலையாய் எடுத்துப் பார்த்து, இது தேவையான வேலையா, அல்லது அவன் தன் கூலிக்காக உண்டாக்கிக்கொண்ட வேலையா என்று பிரித்து, தேவையானதைத் தானே செய்யவோ தகுந்தவனிடம் ஒப்படைக்கவோ செய்வது ஒரு வழி. பொழுது சாய்வதற்குள் வாசலில் வந்து இனிக்க இனிக்கப் பேசுகின்ற அடுத்த காரியஸ்தனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. மதம் விட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வழியில் போய்ச் சேருகிறார்கள் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. இது ஏதோ படிப்பில்லாதவர்களுக்கு நேரும் விபத்து என்றும் யாரும் எண்ண வேண்டாம். நம் சென்னைக்குப் பக்கத்தில் அடையாற்றில் வாழ்ந்து மறைந்த பெசண்டம்மையாரின் சரித்திரத்தைப் பார்த்தாலே போதும்.

அம்மையாருக்கு முன்னால், அவருக்கு வழிகாட்டிய சார்லஸ் பிராட்லாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. 1833இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் பையனாய் இருந்தார். பிஷப்பு வரப்போகிறார், நன்றாய்ப் படித்துவை என்று பாதிரி உத்தரவிட, பையன் வாஸ்தவமாகவே படித்துவிட்டான். அதுதான் அவன் செய்த குற்றம். நான்கு சுவிசேஷங்களையும் இங்கிலீஷ் திருச்சபையின் 39 கொள்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இவை ஒத்துவரவில்லையே, கொஞ்சம் விளக்குங்கள்" என்று பாதிரிக்கு எழுதினார். விளக்கம் வரவில்லை, தகப்பனாருக்குப் புகார் போயிற்று. பாடம் சொல்லும் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர், 3 நாளைக்குள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் உத்தியோகம் போகும் என்று கெடு வைக்கப்பட்டது. பையன் அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனான்.

பிராட்லா அதற்குப் பிறகு கட்டிக்கொண்டது என்ன என்று பார்த்தால், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்தார், வக்கீல் குமாஸ்தாவாய் இருந்தார், சட்டம் கற்றார், 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை ஏற்படுத்தினார். 1880இல் நார்த்தாம்ப்டன் ஊரார் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். கடவுள் பேரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாய் உறுதிமொழி சொல்லுகிறேன் என்றார், மறுத்தார்கள். சரி, உங்கள் சத்தியத்தையே சொல்லுகிறேன் என்றார். நாத்திகன் சொல்லும் சத்தியம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள்! ஓரிரவு பார்லிமெண்டுக் கடிகாரக் கோபுரத்திலேயே காவலில் வைத்தார்கள். ஊரார் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் உட்கார இடம் கிடைத்தது. 1888இல் அவர் முயற்சியாலேயே, சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம் என்று சட்டம் வந்தது. 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கும் வந்து போனார். நம் சென்னையிலும் அந்தக் காலத்தில் அவர் வழியைப் பின்பற்றிய இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவவிவேசினி' என்று தமிழிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்.

1891இல் பிராட்லா இறந்தபோது அவரது சவ அடக்கத்துக்குப் போனவர்களில் ஒருவர் லண்டனில் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்த காந்தி. திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியைப் பிடித்துக்கொண்டு, பூமியின் சுற்றளவு இத்தனை மைல், உங்கள் கடவுளின் அளவு எவ்வளவு, அவர் இருக்கும் இடம் எது என்று குறுக்குக் கேள்வி போட்டுக்கொண்டிருந்ததாகவும், அதைக் கேட்டுத் தமக்கு நாத்திகத்தின்மேல் இன்னும் வெறுப்பே உண்டானதாகவும் காந்தி தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். காந்தியின் முடிவை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாத்திகரைப் போன்றவர்கள் நம்மிடத்திலும் உண்டு என்பதை மறைக்க முடியுமா? 10 வருஷத்துக்கு முன் எந்தக் கேள்வியோடு மதத்தை விட்டார்களோ அதே கேள்வியோடேயே இன்னும் ரயிலடியில் நிற்கிறார்கள். பிராட்லா அங்கே நிற்கவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது.

இனி பெசண்டம்மையார். 1847இல் பிறந்த இந்த அம்மாள் சின்ன வயதில் சாதாரண பக்தையல்ல. விரதமும் உபவாசமுமாய் உடம்பை வருத்தியவர். 1866இல் ஏசு பாடுபட்ட வாரத்தின் சம்பவங்களை மனதில் நிறுத்தித் தியானம் செய்ய வேண்டும் என்று, நான்கு சுவிசேஷங்களில் உள்ளதையும் பத்தி பத்தியாய் எழுதிப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பயந்துபோய், அந்தச் சந்தேகத்துக்குப் பிராயச்சித்தமாய் இன்னும் ஒரு உபவாசம் இருந்தார்! அடுத்த வருஷம் ஒரு பாதிரிக்கே வாழ்க்கைப்பட்டார்.

1871இல் அவருடைய கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்தது. வாரக்கணக்கில் கணப்பைச் சுற்றித் திரைகட்டி, ஆவி பிடிக்க வைத்து, இருமல் வரும்போதெல்லாம் குழந்தை மூச்சுக்குத் தவிப்பதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பிழைத்தது, ஆனால் கடவுள் கருணையுள்ளவர் என்ற நம்பிக்கை பிழைக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் பெரிய மத பண்டிதர் பூசியிடம் போய்க் கேட்டார். உண்மையைத் தேடுவது உன் வேலையல்ல, சபை சொல்லுவதை ஏற்பதே உன் வேலை, ஏற்கனவே அதிகம் படித்துவிட்டாய் என்கின்ற தோரணையில் அவர் பதில் சொல்லி அனுப்பினார். 1873இல், திருவிருந்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்றதனால் புருஷன் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது. மகன் தகப்பனிடம், மகள் தாயிடம் என்று பங்காயிற்று. 1874இல் பிராட்லாவைச் சந்தித்தார், பெரிய பிரசங்கியானார். 1877இல் கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு புத்தகத்தைப் பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். தண்டனை அப்பீலில் தள்ளுபடியாயிற்று. ஆனால் 1878இல், நாத்திகம் பேசுகிறவளும் இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவளுமான தாய் பெண் குழந்தையை வளர்க்கத் தகுந்தவள் அல்ல என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, எந்தக் குழந்தைக்காகக் கண்விழித்தாரோ அந்த மேபலையே பிடுங்கிக் கொடுத்துவிட்டது. மதத்தை விடுவதற்கு இதைவிட அதிக விலை கொடுத்தவர்களை அதிகம் காண முடியாது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கு உதவி நின்று ஜெயிக்க வைத்ததும் இந்த அம்மாளேதான்.

இப்படிப்பட்டவர் 1889இல் என்ன செய்தார்? பிளாவட்ஸ்கி அம்மையாரின் தடித்த புத்தகம் ஒன்று மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. படித்தார், மயங்கினார், ஆளையும் நேரில் பார்க்கப் போனார். பிளாவட்ஸ்கியே, "என்னைப் பற்றி ஆராய்ச்சிச் சங்கத்தார் போட்ட அறிக்கையைப் படித்துவிட்டு, பிறகும் வருவதானால் வா" என்ற கருத்துப்பட அனுப்பினார். அந்த அறிக்கை, அடையாற்றில் மகாத்மாக்கள் பேரால் வந்த கடிதங்களும் அற்புதங்களும் மோசடி என்று 1885இல் முடிவு சொன்ன அறிக்கை. அம்மையார் அதைப் படித்தார். தாம் நேரில் கண்ட பிளாவட்ஸ்கியின் முகத்தையும் சுபாவத்தையும் நினைத்துப் பார்த்தார். இப்படிப்பட்டவர் மோசம் செய்வாரா என்று தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அறிக்கை முழுவதும் சரி என்று நாம் வாதிக்க வரவில்லை; 1986இல் அதே சங்கத்தின் பத்திரிகையிலேயே அதில் உள்ள குறைகளை எடுத்துக்காட்டிக் கட்டுரை வந்திருக்கிறது. நாம் கேட்பது வேறு. 18 வயதில் நான்கு சுவிசேஷங்களையும் பத்தி பத்தியாய் எழுதிப் பார்த்த அந்தப் பெண், 41 வயதில் இதை மாத்திரம் ஏன் பத்தி பத்தியாய் எழுதிப் பார்க்கவில்லை? முகத்தைப் பார்த்து முடிவு செய்வதாயிருந்தால் பூசி பண்டிதரின் முகம் என்ன பாவம் செய்தது?

புத்தி மழுங்கிவிட்டது என்று சிலர் சொல்லுவது சுத்தத் தவறு. அதற்குப் பிறகும் 44 வருஷம் அந்தப் புத்தி எத்தனையோ காரியங்களைச் சாதித்தது. 1917இல் காங்கிரஸ் தலைமைப் பதவி வரையில் கொண்டுபோயிற்று. நம்முடைய அபிப்பிராயம் என்னவெனில், அம்மையார் கடவுளைத் தூக்கி எறிந்தாரே ஒழிய, கடவுள் உட்கார்ந்திருந்த பீடத்தைத் தூக்கி எறியவில்லை. ஒருவருக்கு முழுமனதோடு அடிமைப்பட வேண்டும், பெரிய காரியத்துக்குப் பலியாக வேண்டும் என்று சின்ன வயதில் உபவாசம் கற்றுக்கொடுத்த ஆசை அப்படியே இருந்தது. பீடம் காலியாய் இருந்தது. அளவு மாறாமலும் இருந்தது. யாராவது ஒருவர் வந்து உட்காருவது வெகு நாளைக்குத் தவறுமா? பழைய காரியஸ்தன் வீட்டு வாடகை கொடுக்காமல் போனான், புதியவன் திபெத்திலிருந்து வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் பலன் என்ன ஆயிற்று என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1893இல் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். 1907இல் பிரம்மஞான சங்கத்தின் தலைவரானார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை, உலக குரு இவன் உடம்பில்தான் வரப்போகிறார் என்று அவருடைய சகா ஒருவர் கண்டுபிடித்தார். அந்தச் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவனும் அவன் தம்பி நித்யானந்தாவும் அம்மையாரின் பொறுப்பில் போனார்கள். சங்கத்தில் வேலை பார்த்த தகப்பனார் நாராயணையா, என் பிள்ளைகளை என்னிடம் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். 1913இல் சென்னை ஹைக்கோர்ட்டு கொடுக்கச் சொல்லியும் அம்மையார் விடாமல், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1914இல் ஜெயித்தார். 1878இல் கோர்ட்டு வாசலில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு நின்ற அந்தத் தாயேதான் இது! அந்த வேதனை தெரிந்தவரை இன்னொரு தகப்பனிடம் அதே காரியத்தைச் செய்ய வைக்கக்கூடிய சக்தி எதற்கு இருக்கிறது? "மேலிடத்து உத்தரவு" என்கின்ற ஒன்றுக்குத்தான் இருக்கிறது. உத்தரவு போடுகின்ற மேலிடத்தின் பெயர் மாறலாம். தாயின் மனதைக் கல்லாக்குகின்ற அதன் குணம் மாறுவதில்லை.

முடிவில் அந்தச் சிறுவனே பெரியவனானான். தம்பி பிழைப்பான், மகாத்மாக்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருந்தான்; 1925இல் தம்பி இறந்துபோனான். 1929 ஆகஸ்டு 3ந் தேதி ஹாலந்து தேசத்தில் ஓமன் என்கின்ற ஊரில், ஆயிரக்கணக்கான பக்தர்களுக்கும் பெசண்டம்மையாருக்கும் முன்னால் எழுந்து நின்று, நான் உங்கள் குருவல்ல, எனக்காக ஏற்படுத்திய சங்கத்தை இன்றோடு கலைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். வந்த சொத்துக்களும் கொடுத்தவர்களுக்கே திருப்பப்பட்டன. உலகத்தில் எத்தனையோ பேர் தெய்வத்தை வேண்டாம் என்றதுண்டு. தெய்வமே "என்னை வேண்டாம்" என்று ராஜினாமாக் கொடுத்தது அபூர்வம். அப்படியும் அவர் 1986இல் இறக்கிறவரையில், குரு வேண்டாம் என்று அவர் சொல்லுவதையே குருவாக்கு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்! பீடம் அவ்வளவு சுலபத்தில் உடைவதில்லை. இன்றோ ஆசிரமத்தைத் தேடிக்கொண்டு போகின்ற சிரமமும் இல்லை. கையிலிருக்கும் செல்பேசியிலேயே குருமார்கள் வந்து குந்திக்கொள்ளுகிறார்கள்.

நிற்க. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கலாம். ஜோசப் மக்கேப் என்பவர் செய்ததைச் சொல்லுகிறோம். 1867இல் பிறந்த இவர் இங்கிலாந்தில் கத்தோலிக்க மடத்தில் பையனாய்ச் சேர்ந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, மடத்துப் பள்ளியில் தத்துவம் போதிக்கும் ஆசிரியராகவும் ஆனவர். பல வருஷம் சந்தேகத்தில் அவதிப்பட்டார். கடைசியில் 1895 கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, கடவுளும் ஆன்மாவும் உண்டு என்பதற்கான காரணங்களை ஒரு பக்கமும், இல்லை என்பதற்கானவற்றை இன்னொரு பக்கமும், பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல் எழுதினார். மறுநாள் கிறிஸ்துமஸ் அன்று கூட்டிப் பார்த்து அடியில் "திவால்" என்று எழுதினார். 1896 பிப்ரவரியில் மடத்தை விட்டு வெளியேறினார். 1955இல் சாகும் வரையில் எழுதிக்கொண்டேயிருந்தார். 200க்கு மேற்பட்ட புத்தகங்கள். குணத்தில் மனுஷர் கொஞ்சம் சண்டைக்காரர், கூட இருந்த பகுத்தறிவாளர்களோடும் ஒத்துப்போகாதவர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவரையும் பீடத்தில் ஏற்றிவிடக்கூடாது அல்லவா?

நம் கடைவீதி நண்பர்களுக்குப் பேரேடு புரியும்படி சொல்ல வேண்டியதில்லை. மக்கேப் எழுதிய தாள் மதத்தை விடுவதற்கு எழுதிய தாள். விட்ட பிறகு இன்னொரு தாள் எழுத வேண்டும். மதத்தினிடத்தில் எனக்கு ஆக வேண்டியிருந்த காரியங்கள் எவை, ஒவ்வொன்றையும் இப்போது யார் பார்ப்பது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். பாதிக்கு மேல் காரியங்கள் அடித்துவிட வேண்டியவை. நரகத்துக்குத் தப்புவது, தீட்டுக் கழிப்பது, சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்வது ஆகியவை நோயை உண்டாக்கியவனே மருந்தும் விற்ற கதை. நோயே இல்லையென்றால் மருந்து எதற்கு?

சில காரியங்களுக்குக் கேள்வியே மாறிப்போகும். "கருணையுள்ள கடவுள் கைக்குழந்தையை ஏன் இப்படி வதைக்கிறார்?" என்று 1871இல் பெசண்டம்மையார் கேட்ட கேள்விக்கு ஆக்ஸ்போர்டில் பதில் இல்லை, அடையாற்றிலும் இல்லை. ஒருவர் சோதனை என்றார், மற்றவர் பூர்வ ஜன்ம வினை என்றார். 1906இல் போர்தே, ஜெங்கூ என்ற இரண்டு பேர் கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிறகு தடுப்பூசி வந்தது. இன்று நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் காசில்லாமல் போடுகிறார்களே ஐந்து நோய்களுக்கான ஊசி, அதில் இதற்குரிய மருந்தும் சேர்ந்தே இருக்கிறது. ஏன் வதைக்கிறார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னவன் எவனும் ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. எதனால் வருகிறது என்று கேட்டவன் காப்பாற்றினான். மதம் விட்டவன் தன் மனதில் முதலில் பழக்க வேண்டியது இந்த "எதனால்" என்பதைத்தான். கேட்டும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு நிம்மதியாய்த் தூங்கவும் பழக வேண்டும். செத்த பிறகு என்ன என்று உடனே பதில் கிடைத்தாக வேண்டும் என்கின்ற அவசரம் இருக்கிறதே, அந்த அவசரத்தின் பேரில்தான் எல்லாப் புதிய சாமியார்களும் கடை போடுகிறார்கள்.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தி விட்ட பிறகும் உடம்பு விடுவதில்லை. 20 வருஷம் சாமி கும்பிட்ட கை, கோபுரத்தைக் கண்டால் தானாய் எழும்புகிறது; பாவமன்னிப்புக் கேட்டு வளர்ந்தவனுக்கு இடி இடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுகிறது; புளியமரத்தடியில் நடக்கும்போது பகுத்தறிவுக்காரனும் கொஞ்சம் வேகமாய்த்தான் நடக்கிறான். இதைக் கண்டு, "அடடா, உள்ளுக்குள் இன்னும் நம்பிக்கை இருக்கிறது போலிருக்கிறதே, திரும்பிப் போய்விடலாமா" என்று மயங்குகிறவர்கள் உண்டு. காலில் கட்டிய விலங்கைக் கழற்றிய பிறகும் சில நாள் கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கும். அது விலங்கின் தழும்பே ஒழிய விலங்கல்ல.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றிருக்கிறது. அதை நம்மவர்கள் லட்சியம் செய்வதேயில்லை. அது கூட்டு. கட்டுப்பாடான மதத்தை விட்டவனுக்குப் போவது கடவுள் மாத்திரமல்ல. ஞாயிற்றுக்கிழமை போகும், வெள்ளிக்கிழமை போகும், மைத்துனன் வீட்டுப் பேச்சு போகும், மகளுக்கு வரன் போகும். கடவுள் இல்லாமல் ஒருவன் சுகமாய் வாழ்ந்துவிடலாம். நாலு பேர் இல்லாமல் வாழுவது சுலபமல்ல. மேடைகளில் கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தும், மகளைப் பறிகொடுத்த பெசண்டம்மையாரின் வீட்டுச் சாயங்காலங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? பிளாவட்ஸ்கியின் புத்தகத்தைவிட, "வா அம்மா" என்று அழைத்த குரலே அவரை அதிகம் இழுத்திருக்க வேண்டும் என்பது நமது ஊகம். நமக்குள் ஒருவன் மதத்தை விட்டு வந்தால் அவனுக்கு இன்னும் 10 துண்டுப் பிரசுரம் கொடுப்பதைவிட, அவன் வீட்டில் பிரசவமா, சாவா, ஆஸ்பத்திரியா என்று விசாரித்து இரண்டு பேர் போய் நிற்பது மேல். அடுத்த குருவிடம் அவன் போகாமலிருப்பதற்கு அதைவிடப் பலமான வாதம் நமக்குத் தெரியாது.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் ஒரு தர்மசங்கடம். "நான் விட்டுவிட்டேன், என் தாயார் விடவில்லை, அவள் மனம் நோகாமல் என்ன செய்வது?" இதற்கும் பெசண்டம்மையாரின் சரித்திரத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1874இல் அவருடைய தாயார் மரணப்படுக்கையில் இருந்தார். திருவிருந்து எடுக்க வேண்டும் என்பது அந்தக் கிழவியின் ஆசை. ஆனால் மகள் கூட எடுக்காவிட்டால் தானும் எடுப்பதில்லை, மகள் இல்லாத மோட்சம் எனக்கு வேண்டாம் என்று பிடிவாதம். எந்த விருந்தை எடுக்க மறுத்து வீட்டை விட்டு வந்தாரோ அதே விருந்து! மகள் பொய் சொல்லி எடுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, என் தாயாருக்காகக் கேட்கிறேன், கொடுப்பீர்களா என்று பாதிரிகளிடமே கேட்டார். மறுத்தார்கள். கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய கோவிலின் தலைமைப் பாதிரி ஸ்டான்லியிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் நல்ல மனுஷர். இது மனிதரைச் சேர்ப்பதற்கு ஏற்பட்டதே ஒழியப் பிரிப்பதற்கு ஏற்பட்டதல்ல என்று சொல்லி, தாமே வந்து இருவருக்கும் கொடுத்தார். சில நாளில் தாயார் இறந்தார்.

இதை அம்மையாரின் பலவீனம் என்று கண்டிக்கிறவர்கள் கண்டிக்கட்டும். நாம் கண்டிக்க மாட்டோம். 1873இல் எடுக்கச் சொன்னது புருஷனின் அதிகாரம், மறுத்தது சரி. 1874இல் கேட்டது சாகப்போகும் தாய். தன் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் சரி. தாயாருடன் கோவில் வாசல் வரை போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கின்ற பிள்ளையிடம் நாம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அதே பிள்ளை, தாயாரின் பேரைச் சொல்லி மருமகளின் தலையில் விரதத்தையும் தீட்டையும் கட்டுவானானால், அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.